டிவி காவல் காக்கும் நாலு மணி நேரம்

(பல்லடம் வட்டார மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் தலைவி அக்கா எங்களிடம் ஒன்று கேட்டார். "கடன், வட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் பேசிட்டீங்க. பிள்ளைங்க டிவிக்கு முன்னாடியே கெடக்குதுங்க. அதைப் பத்தி ஒரு நாள் பேசுங்க மேடம்" என்றார். சரியென்று தலையாட்டிவிட்டு வந்தோம். வந்த பிறகுதான் கொஞ்சம் பயமாக இருந்தது. ஏனென்றால் இதே விஷயத்தை நாங்கள் ஒரு தடவை பேசி, அது தப்பாகப் போயிருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன்னால், நாங்கள் வேலைக்குப் புதிது. காலேஜில் படித்து வந்த சூடு ஆறவில்லை. சார்ட் பேப்பரில் கலர் கலராக எழுதி எடுத்துக்கொண்டு ஒரு குழுவுக்குப் போனோம். டிவி பார்த்தால் கண் கெடும், படிப்பு கெடும், கேபிள் கனெக்ஷனை வெட்டுங்கள் என்று ஒரு மணி நேரம் பேசினோம். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரே ஒரு அக்கா மட்டும் அதை நிஜமாகவே செய்துவிட்டார். அவர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவர். வீட்டுக்காரருக்குத் தறி வேலை. மறுநாளே டிவி ஒயரைக் கழற்றி பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேனில் ஏறிவிட்டார். பையன் ஆறாம் வகுப்பு.

மூன்று நாள் பையன் வாசலில் உட்கார்ந்து பார்த்தான். நாலாவது நாள் பள்ளிக்கூடம் விட்டதும் சேக்காளிகளோடு பாறைக்குழிக்குக் குளிக்கப் போய்விட்டான். நம்ம பக்கத்துப் பாறைக்குழிகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்லெடுத்துவிட்டுப் போட்ட குழி, கரையே கிடையாது, கால் வைத்தால் ஆள் முழுகும் ஆழம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தர் சத்தம் கேட்டு ஓடிவந்து துண்டை வீசி இழுத்துப் போட்டார். தண்ணீர் குடித்திருந்தான், பிழைத்துக்கொண்டான்.

அடுத்த கூட்டத்தில் அந்த அக்கா எங்களைத் திட்டவில்லை. கோபம்கூட இல்லை. சந்தாப் பணத்தைக் கொடுத்துவிட்டு, "டிவி ஓடிட்டு இருந்திருந்தா பையன் வீட்டோட கெடந்திருப்பானுங் மேடம்" என்று மட்டும் சொன்னார். எங்களிடம் பதில் இல்லை. அன்றைக்குத் தீர்மான நோட்டில் "குழந்தை வளர்ப்பு குறித்து விவாதிக்கப்பட்டது" என்று எழுதிவிட்டு பஸ் ஏறினோம். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை இங்கே சொல்கிறோம். பேர் மட்டும் வேண்டாம் என்றார்.

அதனால் இன்றைக்கு டிவியிலிருந்து ஆரம்பிக்காமல் கடிகாரத்திலிருந்து ஆரம்பிக்கிறோம்.

காலையில் ஏழரைக்கு வேன் வந்துவிடும். அதற்குள் சோறு, குழம்பு, டிபன் பாக்ஸ், தண்ணீர் எல்லாம் முடிய வேண்டும். பள்ளிக்கூடம் நாலேகாலுக்கு விடும். கம்பெனி ஒரு ஷிப்ட் என்றால் ஐந்தரை. ஆனால் ஒரு ஷிப்டோடு யார் வீட்டுக்கு வருகிறார்கள்? ஒன்றரை ஷிப்ட் பார்த்தால்தான் வாரச் சம்பளம் கைக்குக் கட்டும். அப்புறம் எட்டரை. வேன் ஊர் ஊராக இறக்கிவிட்டு வர ஒன்பது. ஷிப்மென்ட் நெருங்கினால் அதற்கும் மேலே. தறிக்குடோன் வீடுகளில் அம்மா பக்கத்திலேயே இருப்பார். ஆனால் தார் போட்டுக்கொண்டிருக்கிற அம்மாவுக்குத் தறிச் சத்தத்தில் பிள்ளை கூப்பிட்டாலே காது கேட்காது. கோழிப்பண்ணையில் குடியிருந்து வேலை பார்க்கிற குடும்பம் என்றால் பக்கத்து வீடு என்பதே இல்லை.

ஆக, நாலரை மணியிலிருந்து எட்டரை மணி வரை நாலு மணி நேரம். இந்த நாலு மணி நேரத்துக்கு யார் பொறுப்பு? அங்கன்வாடி ஆறு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு, அதுவும் பகலில் மட்டும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017இல் சட்டத்தில் திருத்தம் வந்தது. அது கைக்குழந்தைக்கும் சின்னக் குழந்தைக்கும் ஆனது. ஏழு வயசுப் பிள்ளைக்கு, பத்து வயசுப் பிள்ளைக்கு, நாலரை மணிக்கு மேலே சட்டமும் இல்லை, திட்டமும் இல்லை. ஊரில் இருந்தால் ஆத்தா, அப்பிச்சி பார்ப்பார்கள். தேனியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்து லைன் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு அந்தப் பாட்டி ஊரிலேயே நின்றுவிட்டார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களைக் கேட்கவே வேண்டாம்.

அந்தக் காலியான இடத்தில்தான் டிவி வந்து உட்கார்ந்தது. பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருக்கிறது, சம்பளம் கேட்பதில்லை, லீவு போடுவதில்லை. அது ஒரு காவல்காரன். காவல்காரனை நிறுத்துகிறவர்கள் வேறு ஆளைப் போட்டுவிட்டு நிறுத்த வேண்டும். நாங்கள் அன்றைக்கு அதைச் செய்யச் சொல்லவில்லை.

டிவி எப்படி நம் வீட்டுக்குள் வந்தது என்றும் கொஞ்சம் யோசிக்கலாம். சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. நம்ம கிராமங்களுக்கு அது வந்து சேர ரொம்ப நாளானது. வந்தபோதும் பஞ்சாயத்து டிவி ரூமில்தான் வந்தது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை சினிமா. பாயைக் கொண்டுபோய்ப் போட்டு ஊரே உட்கார்ந்து பார்க்கும். முடிந்ததும் ரூமைப் பூட்டிவிடுவார்கள். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு "போதும், எழுந்திரி" என்று சொல்ல அம்மா தேவைப்படவில்லை. பூட்டே சொல்லிவிடும். 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது, பின்னாலேயே கேபிளும் தெருத் தெருவாக வந்தது. அதோடு பூட்டு போய்விட்டது.

2006 தேர்தலில் இலவச கலர் டிவி தருவதாக தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது. அந்த வருடம் செப்டம்பர் 15 அன்று திட்டம் தொடங்கியது. 2011இல் ஆட்சி மாறி நிறுத்தப்படும் வரை ஒன்றரைக் கோடிக்கும் மேலான பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. இதைக் கிண்டல் பண்ணுகிறவர்கள் உண்டு. நாங்கள் பண்ண மாட்டோம். இங்கே இருக்கிறவர்களில் எத்தனை பேர் சின்ன வயசில் அடுத்த வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு டிவி பார்த்தோம்? உள்ளே இருந்து எழுந்து வந்து படாரென்று ஜன்னலைச் சாத்தினார்களே, அது மறந்துபோகுமா? நம் பிள்ளை யார் வீட்டு ஜன்னலிலும் நிற்கவில்லை என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அதே 2006இல் இன்னொன்றும் வந்தது. அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம். அதில் ஊராட்சிகளுக்கு நூலகக் கட்டடம் கட்டிக் கொடுத்தார்கள். நாங்கள் கூட்டத்துக்குப் போகிற வழியில் பார்க்கிற எத்தனையோ நூலகங்கள் பூட்டித்தான் கிடக்கின்றன. வாசலில் ஆடு கட்டியிருப்பார்கள். ஒரே வருடத்தில் வந்தவை இரண்டும். ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னொன்றின் சாவி யாரிடம் இருக்கிறது என்றே தெரியவில்லை. இந்தச் சாவிக்குக் கடைசியில் வருகிறோம்.

2012இல் நம்ம பக்கம் கரண்ட் எப்படிப் போச்சு என்று ஞாபகம் இருக்கும். தறி நின்றது, கம்பெனி நின்றது, நம்ம பிழைப்பும் நின்றது. யாருக்கும் அந்த நாள் திரும்ப வர வேண்டாம். ஆனால் சாயங்காலம் பிள்ளைகள் தெருவில் நொண்டியும் கோலிக்குண்டும் விளையாடின சத்தம் கேட்டது அப்போதுதான் என்று ஒரு பெரியம்மா எங்களிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "அதுக்காக கரண்ட் போகோணும்னு சொல்லலீங்" என்று அவரே சிரித்துவிட்டார்.

அப்புறம் 2020. கொரோனாவில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அதற்கு முந்தின வருடம், 2019 ஆகஸ்டில் அரசாங்கம் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடத்தினார்கள். டிவியை அணை என்று சொன்ன நாங்களே, டிவியைப் போட்டு உட்கார வையுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தோம். செல்போனும் அந்த வருடம்தான் பிள்ளைகள் கைக்கு முழுசாகப் போனது. வகுப்பு முடிந்தது, போன் திரும்பி வரவில்லை. டிவியிலாவது என்ன ஓடுகிறது என்று அடுப்படியிலிருந்தே காதில் விழும். போனில் என்ன ஓடுகிறது என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. இன்றைக்கு டிவி என்று நாங்கள் சொல்கிற இடமெல்லாம் போனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பார்த்தால்தான் என்ன? ஒரு கணக்குப் போடலாம். வட்டிக் கணக்கில் நம்மை ஏமாற்ற முடியாது, இதையும் அப்படியே போடுவோம். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம். லீவு நாளும் சேர்த்து 365 நாள். 1,460 மணி நேரம். பள்ளிக்கூடம் வருடத்துக்குச் சுமார் 210 நாள், நாளைக்கு ஆறு மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். 1,260 மணி நேரம். ஆக நம் பிள்ளைக்கு டீச்சரைவிட டிவியோடுதான் பழக்கம் அதிகம்.

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021இல் இதற்கு ஒரு அளவு சொல்லியிருக்கிறது. இரண்டு வயசு முடியாத குழந்தைக்கு டிவி, போன் எதுவும் கூடாது. ஊரிலிருக்கிற பாட்டியோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவது மட்டும் பரவாயில்லை. இரண்டிலிருந்து ஐந்து வயசு வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, பெரியவர் யாராவது கூட இருக்க வேண்டும். ஐந்திலிருந்து பத்து வயசு வரை இரண்டு மணி நேரத்துக்குள். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் சின்னக் குழந்தைகளுக்குக் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது.

இதில் இரண்டு வயசுக்குக் கீழே என்பதை மட்டும் நாங்கள் கண்டிப்பாகச் சொல்கிறோம். மற்றதில் முன்னேப் பின்னே இருக்கலாம், இதில் வேண்டாம். பாட்டுப் போட்டால் அழுகையை நிறுத்துகிறது, வாயைத் திறந்து சோறு வாங்குகிறது என்பீர்கள். வாங்கும்தான். ஆனால் குழந்தை பேச்சுப் படிப்பது எப்படி? அது "ங்கா" என்றால் நாம் "என்னடா தங்கம்" என்கிறோம். அது மறுபடி ஏதோ சொல்கிறது, நாம் பதில் சொல்கிறோம். டிவி பேசிக்கொண்டே இருக்கும், பதில் சொல்லாது. பெட்டியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிற குழந்தைக்கு வயிறு நிறைந்ததே தெரியாது. ஒன்று குறைவாகச் சாப்பிடும், இல்லையென்றால் அளவில்லாமல் சாப்பிடும். நிலாவைக் காட்டி ஊட்டினோமே, அதில் நிலா ஒன்றும் செய்யவில்லை. நாம் பேசினதுதான் சாப்பாட்டோடு உள்ளே போனது.

பெரிய பிள்ளைகளுக்குத் தூக்கம்தான் முதலில் கெடும். ராத்திரி பத்தரை வரை பார்த்தால் மனசு ஓடிக்கொண்டே இருக்கும், தூக்கம் பிடிக்காது. காலையில் எழுப்ப முடியாது. வகுப்பில் போய்த் தூங்கும். கண் விஷயத்தில் டாக்டர்கள் இப்போது சொல்வது, கிட்டத்தில் வைத்துப் பார்ப்பதோடு வெயிலும் வெளிச்சமும் படாமல் உள்ளேயே கிடப்பதும் கிட்டப்பார்வைக்கு ஒரு காரணம் என்று. தைவான் நாட்டில் 2010லிருந்து பள்ளிப் பிள்ளைகளை நாளைக்கு இரண்டு மணி நேரம் வெளியில் விட வேண்டும் என்று ஒரு திட்டமே போட்டார்கள். அதற்கப்புறம் பார்வை குறைந்த பிள்ளைகளின் எண்ணிக்கை அங்கே இறங்க ஆரம்பித்தது.

இன்னொன்று. பொம்பளைப் பிள்ளைகள். "என் புள்ள டிவியே பாக்காது மேடம், தம்பிதான் பாப்பான்" என்று பெருமையாகச் சொல்கிறோம். அவள் ஏன் பார்ப்பதில்லை? தண்ணீர் பிடிக்கிறாள், அரிசி களைகிறாள், குட்டித் தம்பியை இடுப்பில் வைத்திருக்கிறாள். பெரிய மனுஷி ஆகிவிட்டால் அப்புறம் "உள்ள தாப்பாள் போட்டுக்கிட்டு டிவி பாரு, வெளிய வராதே" என்கிறோம். அவளுக்கு டிவி பொழுதுபோக்கே இல்லை, நாம் போட்ட தாழ்ப்பாள். அவளுக்கும் ஒரு பாதுகாப்பான இடம் இல்லாமல் டிவியைக் குறை என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

இப்போது ஒரு ஊரைப் பற்றிச் சொல்கிறோம். மகாராஷ்டிராவில் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். மூவாயிரம் பேர் இருக்கிற ஊர். விவசாயமும் சர்க்கரை ஆலை வேலையும்தான் பிழைப்பு. கொரோனா முடிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகு பிள்ளைகளுக்குப் பாடத்தில் மனசே நிற்கவில்லை என்று டீச்சர்கள் ஊராட்சியில் சொன்னார்கள். பள்ளிக்கூடம் விட்டால் டிவி, இல்லையென்றால் போன். ஊராட்சித் தலைவர் விஜய் மோஹிதே என்பவர் முதலில் பெண்களைக் கூட்டிப் பேசினார். அந்தப் பெண்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? பிள்ளைகளைச் சொல்லி என்ன, நாங்களும்தான் சீரியலில் உட்கார்ந்துவிடுகிறோம் என்று அவர்களே ஒத்துக்கொண்டார்கள். சாயங்காலம் கொஞ்ச நேரம் ஊர் முழுக்க அணைத்துவிடலாம் என்றார்கள்.

2022 ஆகஸ்ட் 14 அன்று, சுதந்திர தினத்துக்கு முந்தின நாள், முடிவெடுத்தார்கள். கோயில் மேலே ஒரு சைரன் வைத்தார்கள். ராத்திரி ஏழு மணிக்கு அது ஊதினால் எல்லா வீட்டிலும் டிவி, போன் அணைய வேண்டும். எட்டரைக்கு மறுபடி ஊதினால் போட்டுக்கொள்ளலாம். ஆரம்பத்தில் ஆம்பளைகள் சிரித்தார்கள். ஆஷா பணியாளர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஓய்வுபெற்ற டீச்சர்களும் வீடு வீடாகப் போய் எடுத்துச் சொன்னார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கமாகிவிட்டது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் பிள்ளைகள் படித்தார்கள், பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நம்ம பக்கம் இது புதுசு இல்லை. ஒரு காலத்தில் மில் சங்கு ஊதினால்தான் நமக்கு மணி தெரியும். சங்கு ஊதினால் அடுப்புப் பற்ற வைப்போம். ஆனால் வட்காவ் மாதிரி அப்படியே இங்கே செய்துவிட முடியும் என்று நாங்கள் நினைக்கவில்லை. அங்கே ஏழு மணிக்குப் பெரியவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். நாம் ஏழு மணிக்கு பவர்டேபிள் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு விஷயம். ஒரு வீடு மட்டும் அணைத்தால் பிள்ளை அடுத்த வீட்டுக்குப் போய்ப் பார்க்கும், அல்லது பாறைக்குழிக்குப் போகும். தெருவோடு சேர்ந்து செய்தால்தான் நிற்கும். இரண்டாவது, பெரியவர்கள் தங்களையும் சேர்த்து அணைத்தார்கள்.

லைன் வீட்டில் ஒரே ரூம். அதிலேதான் சமையல், படிப்பு, தூக்கம், டிவி எல்லாம். அதில் அப்பா கிரிக்கெட் பார்த்துக்கொண்டு "நீ படிடா" என்றால் அவன் எங்கே போவான்? ஒன்பது மணிக்கு வந்து சீரியல் போடுகிற அக்காமார்களை நாங்கள் குறை சொல்லவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்ற காலுக்கு அந்த அரை மணி நேரம்தான் ஓய்வு. நாங்களே வீட்டுக்குப் போனதும் போனைத்தான் எடுக்கிறோம். அதனால் "சீரியலை விடு" என்று தீர்மானம் போடச் சொல்ல மாட்டோம். சாப்பிடுகிற நேரத்துக்கு மட்டும் அணையுங்கள். ஒரு நாளில் பிள்ளையின் முகம் உங்களுக்குக் கிடைப்பது அந்த இருபது நிமிஷம்தான்.

நாலு மணி நேரத்துக்கு வருவோம். காரணம்பேட்டை பக்கம் நம்ம குழு ஒன்று செய்ததைச் சொல்கிறோம். ஒரு லைனில் ஆறு வீடு, ஒன்பது பிள்ளைகள். அந்த லைனில் ஒரு பாட்டி. முட்டி வலியால் கம்பெனிக்குப் போவதை நிறுத்திவிட்டவர். குழுவில் பேசி, பிள்ளைக்கு வாரம் ஐம்பது ரூபாய் சனிக்கிழமை சம்பளத்தில் எடுத்துவைப்பது என்று முடிவு பண்ணினார்கள். வாரம் 450 ரூபாய் பாட்டிக்கு. இலவசமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் பாட்டி சொன்னார். குழுத் தலைவி ஒத்துக்கொள்ளவில்லை. "காசு குடுத்தாத்தான் நாளைக்கு வரலைன்னா ஏன்னு கேக்க முடியும் ஆத்தா" என்றார். அது சரியென்றுதான் எங்களுக்கும் பட்டது. பிள்ளை பார்ப்பது வேலை இல்லை என்று நினைத்துத்தான் நாமே நம் உழைப்பைக் கணக்கில் விட்டுவிட்டோம்.

நாலரைக்குப் பிள்ளைகள் வந்ததும் கை கால் கழுவி, பொரியோ கடலையோ கொடுப்பார். ஆறு மணி வரை வாசலில் விளையாட்டு. பொம்பளைப் பிள்ளைகளும்தான், பாட்டி கண் முன்னால் என்பதால் அம்மாக்கள் விட்டார்கள். ஆறிலிருந்து ஏழு வீட்டுப்பாடம். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. பத்தாவது படிக்கிற பெண் ஒன்று சின்னதுகளுக்குச் சொல்லிக் கொடுத்தது. ஏழு மணிக்கு எல்லோரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் டிவி. எந்த நிகழ்ச்சி என்று நாளைக்கு ஒரு பிள்ளை சொல்லும். முடிந்ததும் அந்தப் பிள்ளையே எழுந்து அணைக்க வேண்டும். நாம் பிடுங்கி அணைத்தால் அழுகை, அதுவே அணைத்தால் அழுகை இல்லை. இதை அந்தப் பாட்டிதான் கண்டுபிடித்தார்.

எல்லாம் நல்லபடியாகவே போனது என்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். இரண்டாவது மாதம் ஒரு பையன் இன்னொருத்தன் மண்டையை உடைத்துவிட்டான். இரண்டு அம்மாக்களும் மூன்று வாரம் பேசிக்கொள்ளவில்லை. தீபாவளி சமயத்தில் பாட்டி ஊருக்குப் போக, பத்து நாள் பழையபடி டிவிதான். ஒரு குடும்பம் வீடு மாறிப் போய்விட்டது. ஒரு பையன் கடைசி வரை பாட்டி கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போனோடு மாடிப்படிக்குக் கீழே ஒளிந்துகொண்டுதான் இருந்தான். ஆனாலும் நடக்கிறது. டிவி நாலு மணி நேரமாக இருந்தது ஒன்று, ஒன்றரை ஆகியிருக்கிறது. அதைவிட, வேனில் வரும்போது பிள்ளை எங்கே இருக்கும் என்று யோசிக்க வேண்டியதில்லை என்று அந்த அம்மாக்கள் சொல்கிறார்கள்.

இதற்கு முன்னோடியும் இருக்கிறது. 2021 அக்டோபரில் அரசாங்கம் இல்லம் தேடிக் கல்வி என்று தொடங்கியபோது, சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுக்குள் தெருவிலேயே தன்னார்வலர்கள் வகுப்பு எடுத்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. நம்ம உறுப்பினர்களின் மகள்கள், மருமகள்கள் சிலரும் எடுத்தார்கள். திண்ணையில், கோயில் மண்டபத்தில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகள் டிவி இல்லாமல் உட்கார்ந்தார்களா இல்லையா? யாராவது ஒருத்தர் இருந்தால் உட்கார்வார்கள்.

கோழிப்பண்ணையில் தனியாகக் குடியிருக்கிற உறுப்பினர்களுக்கு இந்த லைன் வீட்டு ஏற்பாடு பொருந்தாது. அவர்களுக்கு என்ன செய்யலாம் என்று எங்களுக்கும் இன்னும் தெளிவாகத் தெரியவில்லை. அந்தக் குழுக்களின் பிரதிநிதிகள் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள், தனியாக உட்கார்ந்து பேசுவோம்.

மற்றவர்களுக்கு ஒரு வேலை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் நோட்டில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் தெருவில் நாலரைக்கு மேல் பெரியவர் இல்லாத வீடு எத்தனை, அதில் பிள்ளைகள் எத்தனை, அந்த நேரத்தில் தெருவில் இருக்கிற ஆள் யார் யார். யார் வீட்டில் டிவி அதிகம் ஓடுகிறது என்று எழுத வேண்டாம். அது சண்டையில்தான் முடியும்.

அப்புறம் அந்த நூலகச் சாவி. உங்கள் ஊராட்சியில் அண்ணா மறுமலர்ச்சி நூலகம் பூட்டிக் கிடந்தால், அடுத்த கிராம சபையில் குழு சார்பாக மனு கொடுங்கள். சாயங்காலம் நாலரையிலிருந்து ஏழு வரை திறக்க வேண்டும், லைட்டும் ஃபேனும் வேலை செய்ய வேண்டும், பொறுப்புக்கு நம்ம உறுப்பினர் ஒருத்தரைப் போட வேண்டும் என்று மூன்று வரி போதும். எழுதத் தயக்கமாக இருந்தால் நாங்கள் எழுதித் தருகிறோம், கையெழுத்து நீங்கள் போடுங்கள். கொடுத்த மனுவுக்கு ரசீது வாங்க மறக்காதீர்கள்.

டீ வந்துவிட்டது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்.